கும்பிட்ட கையோடு நிற்கும் மூவர்

தம்பி,

நீ அனுப்பிய படத்துக்கு பிரேம் போட்டாகிவிட்டது. கறுப்புப் பட்டை வேண்டவே வேண்டாம் என்று உன் அம்மா சொல்லிவிட்டதால் தேக்கு நிறத்தில் போட்டிருக்கிறேன். நல்ல கண்ணாடி, பின்னால் கனமான அட்டை, இரண்டு கொக்கி. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அதை என் மேஜைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். கூரியர்காரப் பையன் தினமும் சாயங்காலம் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "பார்சல் எதுனா இருக்குதா சார்?" என்று கேட்கிறான். இல்லை என்று அனுப்பிவிடுகிறேன். முடிந்த வேலையை வாடிக்கையாளருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். அதிலும் வாடிக்கையாளர் என் சொந்தப் பிள்ளை.

போனில் கேட்டேன், நீ சிரித்தாய். "சும்மா ஜாலிக்குப்பா. டெஸ்டுக்கு முன்னாடி எங்க ஹெட்டுக்கு கிஃப்ட் குடுக்கப் போறோம், அவ்ளோதான்" என்றாய். மறுபடி கேட்டேன், மறுபடி சிரித்தாய். பின்னால் யாரோ உன்னைக் கூப்பிட, வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதமாக எழுதினால் நீ நடுவில் சிரித்து என் வாயை அடைக்க முடியாது. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் சிரித்துக்கொள்.

முதலில் படத்தில் நான் என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். நீங்கள் மூன்று பேர் நிற்கிறீர்கள். நடுவில் நீ. முன்னால் ஒரு மேஜை, அதன் மேல் நீங்கள் செய்கிற ராக்கெட் இன்ஜினின் சின்ன மாடல். பின்னால் தூரத்தில் டெஸ்ட் நடத்தும் அந்தப் பெரிய இரும்புக் கட்டுமானம் தெரிகிறது. மூன்று பேரும் தலையைக் குனிந்து அந்த மாடலைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பார்க்கிறவர்கள் ஆயுத பூஜைக்கு எடுத்த படம் என்று நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இதன் மூலப் படம் எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது பத்து வருஷத்துக்கு மேலாக நம் கடையில், கண்ணாடி வெட்டும் மேஜைக்கு மேலே தொங்குகிறது. அதை அங்கே மாட்டியவனே நீதான்.

உன் அம்மா பார்த்தது வேறு. போனை வாங்கி, கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "என்னங்க, மூணு பேரா நிக்கறாங்க. நடுவுல நம்ம புள்ள" என்றாள். மூன்று பேராக நின்று படம் எடுக்கக் கூடாது, அதிலும் நடுவில் நிற்பவனுக்கு ஆகாது என்பது அவள் கணக்கு. நம் வீட்டில் நாம் மூன்று பேர்தான். சேர்ந்து எடுத்த ஒரு படம் கிடையாது, கவனித்திருக்கிறாயா? எப்போதும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவை இழுத்து நிறுத்துவாள், இல்லையென்றால் யாராவது ஒருவர் கேமராவைப் பிடித்திருப்போம். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் வியாபாரத்தில் இதை மதிக்கக் கற்றுக்கொண்டேன். மூன்று பேர் படத்தைக் கொண்டுவருகிறவர்கள் ஓரத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் படத்தைச் செருகச் சொல்வார்கள். நான்காவது ஆள் கணக்கில் வந்துவிடுகிறது. அதற்கென்றே டிராயரில் சின்னச் சாமி படங்கள் வைத்திருக்கிறேன், மாதாவும் உண்டு. உன் அம்மா சொன்னபடி சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மரை உன் படத்தின் கீழ் மூலையில் வைத்தேன். அவளுக்கு மனசு ஆறிவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை.

அந்த மூலப் படம் வந்த ஆர்டர் உனக்கு நினைவிருக்கும். நீ இன்ஜினியரிங் முதல் வருஷம் முடித்து லீவில் கடையில் உட்கார்ந்திருந்த சமயம். சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் ரூமுக்கு விண்வெளிப் படங்கள் கேட்டார்கள். நான் கல்யாணப் படமும் சாமி படமும் காலமானவர்கள் படமும் போட்டுப் பிழைத்தவன். எந்தப் படம் வேண்டும் என்று எனக்கு என்ன தெரியும்? நீதான் தேடி எடுத்து, பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னாய். உன்னோடு நான் அதிகம் பேசியது அந்த ஒரு மாதத்தில்தான் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் நமக்குள் சாப்பிட்டியா, வண்டிக்கு பெட்ரோல் போட்டியா, அவ்வளவுதான்.

நிலாவின் மேல் பூமி உதிக்கிற படம் வந்ததும் நீ சண்டைக்கு வந்தாய். நிலாவின் தரையைக் கீழே வைத்து நான் கொக்கி போடப் போனேன். "அப்பா, எடுத்தவரு பாத்தது இப்படி இல்ல. நிலா வலது பக்கம் சுவரு மாதிரி நின்னுச்சு. அப்புறம் உலகம் பூரா திருப்பிப் போட்டுட்டாங்க" என்றாய். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, பசங்க கழுத்து வலிக்கும்" என்றார். கடைசியில் கொக்கி நான் போட்ட பக்கமே நிலைத்தது. நீ இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தாய். ஒருவன் பார்த்தது ஒன்று, ஊர் பார்க்க வசதியாக மாட்டுவது வேறொன்று என்று அன்றைக்கு எனக்கு வேடிக்கையாகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

ரொம்பத் தூரத்திலிருந்து பூமியை எடுத்த படத்தை மாட்டிய மறுநாளே பள்ளிக்கூடத்திலிருந்து போன். "சார், கண்ணாடிக்குள்ள தூசி இருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க." தூசி இருந்தால் அது என் தொழிலுக்கு அவமானம். வாங்கி வந்து, பின் அட்டையைப் பிரித்து, துணியால் துடைத்தேன். போகவில்லை. நீ பக்கத்தில் நின்று ரசித்துவிட்டு, "அது தூசி இல்லப்பா, அதுலதான் தாம்பரம் இருக்கு" என்றாய். துடைத்த துணியோடு நான் நின்றதை, கடையில் கண்ணாடி வெட்டுகிற காசிமிடம் நடித்துக் காட்டினாய்.

கயிறு கட்டாமல் வானத்தில் தனியாக மிதக்கிற மனிதர் படத்தைக் காசிம் பிரேமுக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா சாப்பாடு கொண்டுவந்தாள். "கயிறு எங்கடா?" என்று உன்னைக் கேட்டாள். "கயிறு இல்லம்மா, அதான் விசேஷம்." அவள் கேரியரைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவனப் பெத்தவ இதப் பாத்தாளா?" என்றாள். நீ சிரித்தாய், காசிம் சிரித்தான், நானும் சிரித்தேன். அவர் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டார் என்று நீ சொன்ன பிறகும் அவள் அந்தப் படத்துக்கு முதுகு காட்டித்தான் பரிமாறினாள். அன்றைக்கு அவள் கேட்ட கேள்வியை இன்றைக்கு நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக வந்தது அந்தச் சின்னப் படம். மூன்று பேர், வெள்ளை உடை, முன்னால் மேஜையில் அவர்கள் ஏறப்போகிற விண்கலத்தின் மாடல். கைகூப்பித் தலைகுனிந்து நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்தில், சாமி கும்பிடுகிற படம் சயின்ஸ் ரூமில் எதற்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நீ அதைக் கடையிலேயே மாட்டினாய். வாடிக்கையாளர்கள் இன்னும் கேட்கிறார்கள், இவங்க எந்த சர்ச் பாஸ்டருங்க என்று. நானும் அவர்களைப் பக்திமான்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நீதான் சொன்னாய்: அவர்களுக்கு அந்தக் கலத்தின் மேல் நம்பிக்கை இல்லை. அதில் கோளாறுகள் இருப்பது அவர்களுக்குத் தெரியும். அதைக் கேலியாகச் சொல்ல இப்படிக் கும்பிட்டு ஒரு படம் எடுத்து, அந்தக் கலத்தைச் செய்கிற வேலையைப் பார்த்துக்கொண்ட அதிகாரிக்கே பரிசாகக் கொடுத்தார்கள். உங்களை நம்பாமல் இல்லை, ஆனால் இந்த முறை உங்களுக்கும் மேலே இருக்கிறவரிடம் போகிறோம் என்கிற மாதிரி அதில் எழுதிக்கொடுத்தார்களாம். அப்புறம் ஒரு நாள், எரிபொருள்கூட நிரப்பாத ஒத்திகையில், தரையில் இருந்தபடியே உள்ளே தீப்பிடித்தது. கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு, திறக்க முடியவில்லை. மூன்று பேரும் போய்விட்டார்கள்.

இதைச் சொன்னபோது உன் முகம் எனக்கு நினைவிருக்கிறது. "அந்தப் படத்த அவரு வாங்கி வச்சுக்கிட்டாருப்பா, சிரிச்சிருப்பாரு, வேற என்ன பண்ணுவாரு" என்றாய். அந்தக் கதையை எனக்குச் சொன்ன நீயே, அதே மாதிரி நின்று, அதே மாதிரி கும்பிட்டு, அதே மாதிரி உன் அதிகாரிக்குப் பரிசாகக் கொடுக்க என்னிடமே பிரேம் கேட்கிறாய். அது வெறும் ஜாலி என்று நான் எப்படி நம்புவேன் தம்பி?

எனக்கு இன்ஜின் தெரியாது. ஆனால் கேலி தெரியும். நான் கல்யாணத்துக்கு முன்னால் பாரிமுனையில் ஒரு கண்ணாடி குடோனில் வேலை பார்த்தேன். ஆளுயரக் கண்ணாடிகளைச் சாய்த்து வைக்கிற மர ஸ்டாண்டு ஒன்று மெதுவாகச் சாய்ந்துகொண்டே வந்தது. நான் தினமும் காலையில் அதற்கு ஒரு கும்பிடு போடுவேன். "மொதலாளி, ஆயுத பூஜைக்கு இந்த ஸ்டாண்டுக்குத் தனியா ஒரு பூசணிக்கா ஒடச்சிடுங்க" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், முதலாளி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார், எனக்கு டீ வாங்கித் தருவார். ஒரு நாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அது விழுந்தது. ஒருத்தர்மேலும் படவில்லை. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, சாயுதுன்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார். "சொன்னேனே மொதலாளி." "எப்படா சொன்ன?"

அவர் பொய் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்தது பூசணிக்காய்தான். ஸ்டாண்டு காதில் விழவே இல்லை. நான் ஏன் நேராகச் சொல்லவில்லை? அந்த ஸ்டாண்டில் அளவுக்கு மேல் அடுக்கியவர்களில் நானும் ஒருவன். சாய்கிறது என்று சொன்னால், யார் அடுக்கியது என்ற கேள்விதான் முதலில் வரும். சிரித்துக்கொண்டே சொன்னால், சொன்ன மாதிரியும் ஆச்சு, மாட்டிக்கொள்ளாத மாதிரியும் ஆச்சு. நேராகச் சொல்ல பயமாக இருக்கிறவன்தான் அப்படிச் சொல்வான். எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அதில் கெட்டிக்காரன்.

அதனால்தான் என் கடையில் அந்த வழக்கம். உனக்கும் சிரிப்பு வரும். காசிம் ஒரு நாள், "அண்ணா, இந்த கட்டரு என் வெரலப் பாத்து கண்ணடிக்குதுண்ணா" என்றான். நான் வேலையை நிறுத்தச் சொன்னேன். "இன்னாண்ணா, சும்மா டமாசுக்கு சொன்னேன்." "டமாசு கெடக்கட்டும். கட்டருல என்ன?" பார்த்தால் சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஆட்கள் என்னைக் கிண்டல் பண்ணுகிறார்கள், அண்ணன்கிட்ட ஜோக்கு சொன்னா வேலை நின்னுப்பூடும் என்று. பண்ணட்டும். கண்ணாடியைப் பற்றி எவன் கேலி பேசினாலும் நான் எழுந்து போய்ப் பார்ப்பேன். பாதி நேரம் ஒன்றும் இருக்காது. காசிமின் பத்து விரலும் இன்றைக்கும் இருக்கிறது.

இப்போது உன் கேலிகளுக்கு வருகிறேன். பொங்கலுக்கு வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே, "அந்த வால்வு ரயில்வே கேட்டு மாதிரிப்பா, மூடணும்னு சொன்னா யோசிக்கும்" என்றாய். உன் அம்மா அப்பளம் வைத்தாள், நான் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு தடவை போனில், டெஸ்ட் அன்றைக்கு இன்ஜின் பக்கத்திலிருந்து கடைசியாக வருகிறவன் நீதான் என்றும், ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கியவன் என்பதால் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாய். அதற்கும் நான் சிரித்தேன். நீ எந்தப் பந்தயத்திலும் பரிசு வாங்கினதே இல்லை. இப்போது இந்தப் படம். என் கடைக்கு வருகிற ஆள் ஒரே பொருளைப் பற்றி மூன்று முறை தமாஷ் பேசினால், நான் அந்தப் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்வேன். அவர் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இன்ஜின் செய்கிற ஷெட்டில் இருந்தபோது நீ இவ்வளவு கலகலப்பாக இல்லை, அந்த மலையடிவாரத்து டெஸ்ட் மைதானத்துக்குப் போன பிறகுதான் இத்தனை கேலி. கூட வேலை செய்கிற பையன்கள் அப்படி இருக்கலாம். வயசான அப்பன் பழைய படத்தைப் பார்த்துப் பார்த்துக் கலங்கிப் போயிருக்கலாம். அப்படி இருந்தால் எனக்கு அதைவிட சந்தோஷம் கிடையாது. உன் ஹெட் முன்னால் நான் முட்டாளாக நிற்கத் தயார். நான் பார்க்காத முட்டாள்தனமா? ஆனால் அது அப்படி இல்லை என்றால், அந்த வால்வு நிஜமாகவே யோசிக்கிறது என்றால், இந்த பிரேம் உன் ஹெட்டின் அறையில் தொங்கும். வருகிறவர்கள் எல்லோரும் பார்த்து, "பசங்க நல்ல ஜாலி டைப்" என்பார்கள். அவரும் ஆமாம் என்பார். நீங்கள் சொல்லிவிட்டதாக நீங்கள் நினைப்பீர்கள். கேட்டுவிட்டதாக அவர் நினைப்பார். அந்த இடத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கடையில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே அந்த மூன்று பேர். திரும்பினால் சுவரைப் பார்த்துக்கொண்டு நீங்கள் மூன்று பேர்.

அந்த வால்வைப் பொருத்தியது நீயாகவே இருந்தாலும் பரவாயில்லை. கேட்கிறாயா? நீயாகவே இருந்தாலும். நான் அடுக்கிய கண்ணாடிதான் விழுந்தது, முதலாளி திட்டினார், அப்புறமும் சோறு போட்டார். வேலை போனால் போகிறது என்று நான் வாய்க்கு வந்தபடி சொல்லமாட்டேன். வேலை பெரிய விஷயம், அதுவும் நீ ஆசைப்பட்டுப் போன வேலை, எனக்குத் தெரியும். அதனால்தான் எப்படிச் சொல்வது என்று யோசித்துச் சொல் என்கிறேன். அவர் டீ குடித்து முடித்த நேரமாகப் பார். உட்காராதே, நின்றுகொண்டே பேசு. முதல் வாக்கியத்தில் வால்வு வரட்டும். "சார், இந்த வால்வு சொன்ன நேரத்துக்கு மூடறதில்ல, இத்தன தடவ பாத்தோம், டெஸ்ட தள்ளி வைக்கணும்." அவ்வளவுதான். கூட இருக்கிற இரண்டு பேரும் பக்கத்தில் நிற்கட்டும், அவர்கள் வீட்டிலும் ஒரு அம்மா இருப்பாள். முக்கியமாக, சிரிக்காதே. உன் சிரிப்பு நல்ல சிரிப்பு, யாருக்கும் கோபம் வராது. அதுதான் அதிலுள்ள ஆபத்து. அவர் சிரித்தாலும் நீ சிரிக்காமல் நில். ஒரு மாதிரிதான் இருக்கும். அந்த ஒரு மாதிரி போகிற வரைக்கும் நில்.

அதற்கப்புறம் அவரையும் சேர்த்து நாலு பேராக ஒரு படம் எடுங்கள். யாரும் கும்பிட வேண்டாம், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நில்லுங்கள். உன் அம்மாவுக்கும் கணக்கு சரியாகிவிடும். அதற்கு நான் நல்ல மரத்தில் பிரேம் போட்டு, அந்தப் பழைய மூவருக்குப் பக்கத்திலேயே மாட்டுகிறேன்.

இன்றைக்குக் கூரியர்காரப் பையனிடம் இந்தக் கடிதத்தை மட்டும் கொடுக்கிறேன். பிரேமை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். வியாழக்கிழமை தாம்பரத்தில் ரயில் ஏறுகிறேன். கடையை காசிம் பார்த்துக்கொள்வான். "இன்னாண்ணா, ஒரு போட்டோவ குடுக்க நீயே போறியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். உன் அம்மாவிடம் உன்னைப் பார்த்து ரொம்ப நாளாச்சு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். உங்கள் கேட்டுக்கு எதிரில் டீக்கடை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாய். அங்கே உட்கார்ந்திருப்பேன். உள்ளே வரமாட்டேன், உன்னைக் கேவலப்படுத்தமாட்டேன். நீ உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வெளியே வா. உன் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

போகிறதற்கு ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறேன். திரும்பி வருவதற்கு இரண்டு, அவர்கள் உன்னை வெளியே அனுப்பினால் நீயும் என்னோடு வர. உன்னுடையதை நீ கேன்சல் பண்ண வைத்தால், அதில் பிடித்துக்கொள்கிற காசுக்காக நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

உன் அப்பா